மூன்று மணிப் படமும் மூன்று வரித் தீர்ப்பும்

(பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, இயற்பியல்)

தமிழ்நாட்டில் திரைப்படம் பார்க்காதவர்கள் சிலர் இருக்கக்கூடும். ஆனால் திரைப்படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லாதவர் ஒருவரும் இலர் என்றால் அது மிகையாகாது. படமே பார்க்காத பெரியவர்கள்கூட, "இந்தக் காலத்துப் படத்தையெல்லாம் மனுஷன் பார்ப்பானா?" என்று ஒரே வரியில் நூற்றுக்கணக்கான படங்களுக்குத் தீர்ப்பு வழங்கிவிடுகிறார்கள்.

இயற்பியல் மாணவர்களாகிய நாம் இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். திரையில் ஒரு விநாடிக்கு 24 படச் சட்டங்கள் ஓடுகின்றன. மூன்று மணி நேரத்தில் ஓடுபவை 2,59,200 சட்டங்கள். பழைய படச் சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டங்கள் என்பதால், சுருளின் நீளம் 16,200 அடி. ஆறு கெஜப் பட்டுச் சேலையின் நீளம் 18 அடி. ஆக, ஒரு முழுநீளப் படத்தை நம் ஊர்க் கணக்கில் சொன்னால், 900 சேலைகளை முந்தியோடு முந்தி சேர்த்து விரித்த நீளம். அவ்வளவையும் பார்த்துவிட்டு வெளியே வருபவரைப் பார்த்து, "படம் எப்படி?" என்று கேட்கிறோம். அவர் உதட்டைப் பிதுக்கி, "சுமார்" என்கிறார். 16,200 அடியும் மூன்றே எழுத்துக்குள் அடங்கிவிடுகிறது!

இந்தக் குறுங்கருத்து எப்படி வேலை செய்கிறது, நல்லது எது, கெட்டது எது என்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். விளக்கம் மட்டும் போதாது. செய்முறைத் தேர்வும் உண்டு. ஆகவே பல மொழி, பல காலப் படங்களைப் பற்றிய என் குறுங்கருத்துகளையும் இடையில் தருகிறேன்.

சங்கேத மொழி

திரையரங்க வாசலில் பேசப்படும் மொழிக்குத் தனி அகராதி தேவை. "பாட்டெல்லாம் நல்லா இருக்கு" என்றால் கதை நன்றாக இல்லை என்று பொருள். "ஒளிப்பதிவு பிரமாதம்" என்றால் கதையே இல்லை என்று பொருள். "ஒரு தடவை பார்க்கலாம்" என்றால், சொல்பவர் அந்த ஒரு தடவையை நினைத்து வருந்துகிறார். "எங்க வீட்ல அழுதுட்டாங்க" என்றால், சொல்பவரும் அழுதிருக்கிறார். "பையன் முன்னுக்கு வருவான்" என்றால், இந்தப் படம் முன்னுக்கு வராது.

வெளிப்படையாகக் குறை சொல்லத் தயங்குவதால் பிறந்த மொழி இது. சம்பந்தி வீட்டு விருந்தில் சாம்பார் உப்பாக இருந்தால் நாம் பாயசத்தைப் புகழ்வதில்லையா? அதே நாகரிகந்தான்.

நம் முன்னோர்

கேலி என்பது காஞ்சி மாநகருக்குப் புதிதன்று. ஏழாம் நூற்றாண்டில் இங்கிருந்து ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன், மத்தவிலாசப் பிரகசனம் என்னும் நகைச்சுவை நாடகத்தை வடமொழியில் எழுதினான். கதை நடக்குமிடம் இதே காஞ்சிபுரத் தெருக்கள். குடிமயக்கத்தில் திரியும் காபாலிகன் ஒருவன் தன் கபால ஓட்டைத் தொலைத்துவிடுகிறான். வழியில் வந்த பௌத்தத் துறவியின் மேல் பழி போட்டுச் சண்டைக்கு நிற்கிறான். கபாலத்தைத் தூக்கிச் சென்றதோ ஒரு நாய்! தன் தலைநகரில் நடப்பதை அரசனே கேலி செய்து நாடகம் எழுதிய ஊரில் படிக்கும் நாம், ஒரு படத்தைக் கேலி செய்தால் குற்றமாகாது.

இருபதாம் நூற்றாண்டில் கல்கி அவர்கள் "கர்நாடகம்" என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய விமர்சனங்கள் சிரிக்க வைத்துக்கொண்டே குறை சொல்லும் வழியைத் தமிழுக்குக் காட்டின. இசை விமர்சகர் சுப்புடு அவர்களின் ஒரு வரிக்குப் பெரிய வித்துவான்களும் அஞ்சினார்கள். விகடன் இன்னும் ஒரு படி மேலே சென்று, கருத்தை எண்ணாகவே மாற்றியது. படங்களுக்கு மதிப்பெண் போட்டது! 1977-இல் வந்த 16 வயதினிலே படத்துக்கு விகடன் தந்தது 62½. நம் பல்கலைக்கழக விதிப்படி 60-க்கு மேல் முதல் வகுப்பு. பாரதிராஜா தம் முதல் படத்திலேயே முதல் வகுப்பில் தேறினார். நம்மில் எத்தனை பேருக்கு முதல் பருவத்திலேயே அது வாய்த்தது?

அமெரிக்காவில் 1980-களில் சிஸ்கல், எபர்ட் என்னும் இருவர் தொலைக்காட்சியில் கட்டைவிரலை மேலே காட்டியும் கீழே காட்டியும் தீர்ப்புச் சொன்னார்கள். லெனார்டு மால்ட்டின் என்னும் விமர்சகரோ, 1948-இல் வந்த இசைப்படம் ஒன்றின் தலைப்பே "காதல் மயமாக இல்லையா இது?" என்று கேள்வியாக இருந்ததைக் கண்டு, அக்கேள்விக்கு ஒரே சொல்லில் மறுப்பு எழுதி விமர்சனத்தை முடித்துக்கொண்டார். இதைவிடச் சிக்கனமாகக் குறை சொல்ல முடியாது.

மூன்று விதிகள்

அப்படியானால் சுருக்கமாகச் சொல்வதெல்லாம் நல்ல கருத்தாகிவிடுமா? ஆகாது. இதற்கு எங்கள் வீட்டுத் தறியிலிருந்தே விடை கிடைக்கிறது.

என் தந்தையார் பட்டு நெசவாளர். தாயார் நூல் இழைத்து உதவுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் வீட்டில் ஒரு கோர்வைச் சேலை முடிய ஏறத்தாழப் பதினைந்து நாளாகும். உடலும் கரையும் வேறு வேறு நிறமாதலால், கரை நூலை உடல் நூலோடு ஊடைக்கு ஊடை கோத்துச் செல்ல வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். பதினைந்து நாளும் இரண்டு பேர் உழைத்த சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தால், வாங்குபவர் ஒரு நிமிடத்தில் மடியைப் பிரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கையால் தடவி, ஒரு சொல் சொல்வார். அந்த ஒரு சொல்லில்தான் எங்கள் வீட்டு அரிசி இருக்கிறது.

தெரிந்தவர் பார்த்தால் விரலை வைத்து, "இதோ, இந்த இடத்தில் இழை விட்டிருக்கிறது" என்பார். என் தந்தையார் தலையாட்டிக்கொண்டு வருவார். அடுத்த சேலையில் அந்தக் குறை இராது. ஒரு முறை ஓரிடத்தில் வெறுமனே "சுமார்" என்று சொல்லிக் கூலியில் ஐந்நூறு ரூபாயைக் குறைத்தார்கள். "எங்கே என்று காட்டுங்கள்" என்று கேட்டார் தந்தையார். காட்டவில்லை. சேலை அப்படியே விற்பனைக்குப் போயிற்று. கூலி மட்டும் திரும்பி வரவில்லை.

இரண்டும் ஒரு வரித் தீர்ப்புகளே. முன்னது விமர்சனம், பின்னது வெறும் அதிகாரம். இதிலிருந்து கிடைப்பதே முதல் விதி: குறையோ நிறையோ, இடத்தைச் சுட்டிச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் விதி: ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டும். நடிப்பு, இசை, படத்தொகுப்பு, சண்டை என்று எல்லாவற்றையும் இரண்டு வரியில் அடைத்தால், அது கருத்தாகாது. மளிகைக் கடைச் சீட்டாகிவிடும்.

மூன்றாம் விதி: படத்தைக் கேலி செய்க, ஆளை அன்று. ஒரு நடிகரின் நிறம், ஒரு நடிகையின் பருமன், ஒருவரின் பேச்சுக் குறை ஆகியவை அவர்கள் செய்தவை அல்ல. செய்ததைப் பற்றித்தான் தீர்ப்புச் சொல்லலாம். நம் படங்களின் நகைச்சுவைக் காட்சிகளே இந்த விதியைப் பலமுறை மீறியிருக்கின்றன. அதற்காக நாமும் மீற வேண்டியதில்லை.

இனிச் செய்முறைத் தேர்வு.

பழையன

காளிதாஸ் (1931): தமிழின் முதல் பேசும் படம். நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, உடன் நடித்தவர்கள் வேறு மொழிகளில் பேசினார்களாம். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாவிட்டாலும் காதல் நடந்தேறும் என்று முதல் படமே நிறுவிவிட்டது. பின்னால் வந்த பல படங்கள் இந்த மரபை இன்றுவரை காத்து வருகின்றன.

ஹரிதாஸ் (1944): தியாகராஜ பாகவதர் நடித்த இப்படம், சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. நம் பட்டப்படிப்பும் மூன்று தீபாவளிகளைக் காண்கிறது. ஹரிதாஸ் அரியர் இல்லாமல் கண்டது.

சந்திரலேகா (1948): கதை மறந்துபோகும், முரசு நடனம் மறக்காது. அந்தப் பிரம்மாண்டமான முரசுகளுக்குள் வீரர்கள் ஒளிந்திருப்பது படம் பார்க்கும் குழந்தைக்கும் தெரியும். தெரியாதவர் வில்லன் ஒருவரே. எஸ்.எஸ். வாசன் கொட்டிய பணம் முரசுக்குப் போயிற்று. வில்லனின் மூளைக்குப் போகவில்லை.

வேலைக்காரி (1949): நம் ஊர் அறிஞர் அண்ணாவின் கதை, வசனம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் முழுப் படத்தையும் பார்த்த நிறைவு கிடைக்கும். இது பாராட்டா, குறையா என்பதைத் தமிழ்த் துறையினரும் காட்சித் தொடர்பியல் படிப்போரும் தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்ளட்டும்.

அந்த நாள் (1954): எஸ். பாலசந்தர் இயக்கிய, பாட்டே இல்லாத தமிழ்ப் படம். பாட்டு வரும்போது எழுந்துபோய் முறுக்கு வாங்கும் பழக்கமுடைய ரசிகர்கள் அன்று பட்டினி கிடந்தார்கள். கொலையாளி யார் என்று கண்டுபிடிக்க ஒருவரும் டூயட் பாடத் தேவையில்லை என்பது அன்றே மெய்ப்பிக்கப்பட்டது.

காஞ்சித் தலைவன் (1963): எம்.ஜி.ஆர். பல்லவ மன்னனாக நடித்த படம். தலைப்பைப் படித்தவர்கள் ஏழாம் நூற்றாண்டை நினைக்கவில்லை. அன்று உயிரோடிருந்த வேறொரு காஞ்சித் தலைவரை நினைத்தார்கள். சுவரொட்டியிலேயே பாதிக் கதையைச் சொன்ன படம்.

காதலிக்க நேரமில்லை (1964): நாகேஷ் கதை சொல்கிறார், பாலையா கேட்கிறார். பேய் திரையில் வரவேயில்லை. பாலையாவின் முகத்தில் வந்துவிட்டுப் போகிறது. பேசுபவரைவிடக் கேட்பவர் நன்றாக நடித்தால்தான் நகைச்சுவை என்பதற்கு இதுவே பாடநூல்.

திருவிளையாடல் (1965): பிறர் எழுதிக் கொடுத்த பாட்டைத் தன்னுடையதென்று சபையில் படித்துவிட்டு, பொருட்குற்றம் கண்டுபிடிக்கப்பட்டதும் விழிக்கிறார் தருமி. செய்முறைப் பதிவேட்டைப் பக்கத்து நாற்காலியிலிருந்து நகலெடுக்கும் அன்பர்கள் ஆண்டுக்கொருமுறை பார்க்க வேண்டிய படம்.

இடைக்காலம்

16 வயதினிலே (1977): இதற்குமுன் தமிழ்த் திரையின் பெரும்பாலான கிராமங்களில் சேறு கிடையாது, அவை ஸ்டூடியோவுக்குள் இருந்தன. காமிரா வெயிலில் இறங்கி நடந்தது. நாயகனுக்குக் கோவணம் கட்டிவிட்டு, தமிழ் சினிமா மானத்தைக் காப்பாற்றிக்கொண்டது.

உதிரிப்பூக்கள் (1979): கத்தாத வில்லன், கத்தாத இயக்குநர். மகேந்திரன் எல்லாரையும் மெதுவாகப் பேச வைத்துவிட்டதால், திரையரங்கில் நம் பக்கத்து நாற்காலிக்காரர் அழுவது தெளிவாகக் கேட்கிறது.

பேசும் படம் (1987): பெயர் மட்டுமே பேசும், படத்தில் வசனம் இல்லை. சிங்கீதம் சீனிவாசராவும் கமல்ஹாசனும் செய்த இச்சாதனை, நம் தேர்வுக் கூடத்தில் பருவத்துக்கு ஒரு முறை நடக்கிறது. பேசாமலே எல்லாச் செய்தியும் பரிமாறப்படும்.

வீடு (1988): வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பது பழமொழி. இதில் கல்யாணத்தை எல்லாரும் படமாக எடுத்துத் தீர்த்துவிட்டார்கள். வீட்டைக் கட்டிப் பார்த்தவர் பாலு மகேந்திரா ஒருவரே. பேய்ப் படத்தைவிட அச்சந்தரும் படம். ஏனெனில் பேய்க்கு மந்திரம் உண்டு. அரசு அலுவலக மனுவுக்கு இல்லை.

வெளியூர்ச் சரக்கு

மாடர்ன் டைம்ஸ் (1936): ஆலையில் திருகாணி முடுக்கி முடுக்கி, வெளியே வந்த பின்னும் சாப்ளினின் கை தானாக முடுக்குகிறது. உலகமே சிரித்தது. என் தாத்தா தூக்கத்தில்கூட நாடா எறிவார் என்று பாட்டி சொல்வார். எங்கள் தெருவில் இந்தப் படத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

ராஷோமோன் (1950): நடந்தது ஒன்று, நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்கிறார்கள். குரோசாவா இதற்காகக் காட்டுக்குப் போயிருக்க வேண்டியதில்லை. நம் ஆய்வகத்தில் ஒரே ஊசலின் அலைவு நேரத்தை நால்வரை அளக்கச் சொல்லியிருந்தால் போதும்.

டுவெல்வ் ஆங்ரி மென் (1957): ஒரே அறை, பன்னிரண்டு பேர், தாங்க முடியாத புழுக்கம், ஓட மறுக்கும் மின்விசிறி. நம் வகுப்பறையிலேயே எடுத்திருக்கலாம். ஒரே வேறுபாடு: அங்கே ஒருவர் கேள்வி கேட்கிறார்.

ஷோலே (1975): நாணயத்தைச் சுண்டினால் தலை விழ நிகழ்தகவு ½ என்று படித்தவர்களையெல்லாம் அமிதாப் பச்சன் ஏமாற்றினார். அவர் நாணயத்தில் இரண்டு பக்கமும் தலை. புள்ளியியல் மாணவர்களைக் கண்கலங்க வைத்த ஒரே இந்திப் படம்.

இன்டர்ஸ்டெல்லார் (2014): அந்தக் கோளில் ஒரு மணி நேரம் கழிந்தால் பூமியில் ஏழு ஆண்டுகள் கழிந்துவிடும். பிற்பகல் கடைசிப் பாடவேளையில் அமர்ந்திருப்போருக்கு ஐன்ஸ்டீனின் கொள்கை புதிதன்று. பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க.

புதியன

காக்கா முட்டை (2015): பீட்சா தின்ன வேண்டுமென்று படம் முழுவதும் அலைந்த இரண்டு சிறுவர்கள், கடைசியில் அதைச் சுவைத்துவிட்டு, பாட்டி சுட்ட தோசையே மேல் என்கிறார்கள். மணிகண்டன் படத்துக்குள்ளேயே ஒரு குறு விமர்சனத்தை வைத்துவிட்டார். முதல் இரண்டு விதிகளும் அதில் அடக்கம்.

பாகுபலி, இரண்டாம் பாகம் (2017): பனைமரத்தை வளைத்து, வீரர்களைக் கோட்டைக்குள் எறிகிறார்கள். மீட்சித்தன்மை பற்றிய ஹூக் விதி மகிழ்மதி நாட்டின் எல்லைக்கு உட்பட்டதன்று என்று தெரிகிறது. ஆயினும் நானும் கைதட்டினேன். விதியை மீறுவதாக இருந்தால் அழகாக மீற வேண்டும்.

மண்டேலா (2021): ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே இரண்டுபட்ட ஊரின் ஒற்றை வாக்கு முடிதிருத்தும் ஒருவர் கையில் வந்து சேர்கிறது. அதுவரை அவருக்குப் பெயர்கூட இல்லை. சிரித்துக்கொண்டே வந்து, கடைசியில் நம் சட்டைப் பையில் அடையாள அட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறோம்.

பரியேறும் பெருமாள் (2018): இதனை வரிசை மாற்றிக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. கல்லூரி வகுப்பில் ஆங்கிலம் புரியாமல் விழிக்கும் பரியனைப் பார்த்து என்னால் வேடிக்கையாக ஒன்றும் எழுத முடியவில்லை. முதல் ஆண்டில் வகுப்புக் குறிப்புகளை ஒலியை மட்டும் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்தவர்கள் நம்மில் பலர். அவர்களுக்கு இப்படத்தில் இரண்டு தேநீர்க் குவளைகள் காத்திருக்கின்றன. போய்ப் பாருங்கள்.

நம் ஊர்ப் படம்

எல்லாப் படங்களையும் பற்றிப் பேசிவிட்டு, நம் ஊரின் பெயரையே தாங்கி வந்த படத்தை விட்டுவிட்டால் தெருவில் நடமாட முடியாது. பிரியதர்ஷன் இயக்கிய காஞ்சிவரம் (2008) சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. வேங்கடம் என்னும் நெசவாளியாக நடித்த பிரகாஷ்ராஜ் சிறந்த நடிகர் விருதைப் பெற்றார்.

கதை விடுதலைக்கு முந்தைய காலத்தது. பட்டு நெய்பவன் வீட்டில் பட்டு இல்லை. பிறந்த பெண் குழந்தையைப் பார்த்து, இவளைப் பட்டுடுத்தித் திருமணம் செய்து அனுப்புவேன் என்று வாக்குக் கொடுக்கிறான் வேங்கடம். கூலியில் அது முடியாது. ஆகவே முதலாளியின் பட்டிழையை வாயில் மறைத்துக் கொண்டுவந்து, இரவில் யாருக்கும் தெரியாமல் நெய்கிறான். பிடிபடுகிறான், சிறைக்குப் போகிறான். நடுவில் நின்றுபோன அந்தச் சேலை, கடைசியில் இறந்த மகளின் உடலை மூடவும் நீளம் போதாமல் நிற்கிறது.

இந்தப் படத்துக்கு என்னிடம் ஒரு குறுங்கருத்து இருந்தது: "பட்டு நெய்யும் ஊரில் பட்டு இல்லாத ஒரே இடம் தறி இருக்கும் வீடு." நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பின்னர் ஒரு விடுமுறை நாளில் என் பெற்றோருக்குக் கைபேசியில் அப்படத்தைப் போட்டுக் காட்டினேன். இருவரும் பள்ளிக்கூடம் போனவர்கள் அல்லர். விகடன் மதிப்பெண்ணும் அறியார், விருதுகளையும் அறியார்.

படம் முடிந்ததும் தந்தையார் சொன்னது இது: "முழுசா முடிச்சிருந்தா அந்தச் சேலையும் எப்படியாச்சும் கடைக்குத்தான் போயிருக்கும். பாதியில நின்னதாலதான் வூட்டுல தங்கிச்சு."

தாயார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அந்தப் பொண்ணு எனக்குப் பட்டு வேணும்னு எப்பனா கேட்டுச்சா?"

நண்பர்களே, நான் இந்தக் கட்டுரையில் எழுதிய எல்லாக் கருத்துகளையும் ஒரு தட்டிலும், என் தாயாரின் அந்த ஒரு கேள்வியை மறு தட்டிலும் வைத்துப் பாருங்கள். படம் முழுவதும் நாம் வேங்கடத்தின் ஏழ்மையைப் பார்த்து இரங்குகிறோம். முதலாளியின் மேல் சினம் கொள்கிறோம். அவை நியாயமே. ஆனால் வாக்குக் கொடுத்தவன் தந்தை. அப்போது மகள் தொட்டிலில் இருந்தாள். அவள் கேளாத பட்டுக்காக ஒரு வீடே அழிந்தது. என் தாயாரின் கேள்வி படத்தைக் குறை சொல்லவில்லை; புகழவும் இல்லை. படம் எந்த இழையில் நிற்கிறதோ அந்த இழையில் விரலை வைத்துவிட்டது. கல்யாணத்துக்குப் பட்டு வாங்கக் கடன்படும் ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் கேள்வியைக் கேட்கலாம். பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊரில், நெய்து விற்றுப் பிழைக்கும் எங்கள் வீட்டிலிருந்தே அக்கேள்வி வந்தது என்பதுதான் எனக்கு வியப்பு.

குறுங்கருத்துச் சொல்லப் பட்டம் தேவையில்லை என்று அன்றே உணர்ந்தேன். உற்றுப் பார்க்கும் கண் வேண்டும். முப்பது ஆண்டுகளாக ஒவ்வோர் இழையாகப் பார்த்த கண்கள் அவை.

சொல்லலாமா, கூடாதா?

இன்று ஒரு படத்தின் முதல் காட்சி முடியுமுன்பே கைபேசியில் தீர்ப்பு வந்துவிடுகிறது. திரையரங்க வாசலில் ஒலிவாங்கியை நீட்டுகிறார்கள். நாமும் முகத்தைக் காட்டும் ஆசையில் ஏதோ ஒன்றைச் சொல்கிறோம். 2024 நவம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள், திரையரங்க வளாகத்தில் யூடியூப் சேனல்கள் இவ்வாறு கருத்துக் கேட்பதை அனுமதிக்கக் கூடாது என்று திரையரங்க உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டார்கள். படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனமே கூடாது என்று கோரும் வழக்கும் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. கருத்துரிமையைச் சுட்டிக்காட்டி, பொதுவான தடை விதிக்க நீதிமன்றம் இணங்கவில்லை.

இதில் நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், தறிக்காரர் வீட்டுப் பிள்ளையாகிய எனக்கு இரண்டு பக்கமும் தெரியும். விலை கொடுத்து வாங்கியவர் சேலையைப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. நுழைவுச்சீட்டு வாங்கியவரின் வாயை மூன்று நாள் கட்டுவதும் முறையன்று. ஆனால் பதினைந்து நாள் உழைப்பை ஒற்றைச் சொல்லால் தள்ளிவிடும்போது, எதிரே நிற்பவரின் முகம் எப்படி மாறும் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். படத்திலும் திரையில் தோன்றும் நாயகனுக்கு அடுத்த படம் கிடைத்துவிடும். விளக்குத் தூக்கியவர், உடை தைத்தவர், உதவி இயக்குநர் என்று பெயர்ப் பட்டியலில் வேகமாக ஓடிமறையும் பெயர்களுக்கு அப்படியில்லை.

ஆகவே வாயைப் பொத்துவதும் மருந்தன்று; வாய்க்கு வந்ததைச் சொல்வதும் மருந்தன்று. சொல்வதைச் சரியாகச் சொல்வதே மருந்து. இடத்தைச் சுட்டுக; ஒன்றைச் சொல்லுக; ஆளை விட்டுவிடுக. சிரிப்பு வந்தால் நல்லது. வராவிட்டாலும் குற்றமில்லை.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது ஏதேனும் ஒரு புதிய படம் நம் ஊருக்கு வந்திருக்கும். பார்த்துவிட்டு வாருங்கள். வாசலில் எவரேனும், "படம் எப்படி?" என்று கேட்டால், "சுமார்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடையைக் கட்டாதீர்கள். இழை எங்கே விட்டிருக்கிறது என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள்.